மீதி ஏழு

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்போடயே வாங்க, பரவாயில்லை. நான் எந்திரிச்சு வாசலுக்கு வந்து கூப்பிடணும், மரியாதை அதுதான். என் நிலைமை உங்களுக்கே தெரியுது. அந்தச் சேரை இழுத்துப் போட்டு உட்காருங்க. அது இல்லீங்க, அது நடுவுல ஓட்டை போட்ட சேர், வேற காரியத்துக்கு. அந்தா, துணி கிடக்குதே, அந்த ப்ளாஸ்டிக் சேர். துணியைத் தூக்கி எங்கயாச்சும் போடுங்க.

மாடிக்குக் குடி வந்திருக்கீங்கன்னு பூவாத்தா சொன்னா. பூவாத்தா என் சம்சாரம். வாடகையெல்லாம் அவதான் பேசியிருப்பா, நான் படுக்கையில கிடந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த்தாப்புல மருந்துக் கடையில வேலைன்னும் சொன்னா. அதுக்காக உங்களைக் கூப்பிடலை. முதல்லயே சொல்லிடறேன். ஒரே வீட்டுல மேலயும் கீழயும் இருக்கறோம், ஒரு வார்த்தை பேசிப் பழகணும், அதுக்குத்தான் ஜன்னல் வழியாக் கை தட்டினேன்.

பெரிய கடைங்களா? எல்லா மாத்திரையும் இருக்குமா?

சும்மா கேட்டேன்.

என் பேர் நாச்சிமுத்து. மாட்டுத் தரகு. பொள்ளாச்சிச் சந்தைக்குள்ள வந்து தரகர் நாச்சிமுத்து எங்கன்னு கேட்டீங்கன்னா ஆளைக் காட்ட மாட்டாங்க, சத்தத்தைக் காட்டுவாங்க. "அங்க ஒரு தொண்டை கேக்குதே, அதுக்கு நேரா நடங்க"ன்னு சொல்லுவாங்க. மாட்டுக்குத் தண்ணி காட்டற வேலையில ஆரம்பிச்சவன் நான். லாரியில வைக்கோல் மேல தூங்கி வளர்ந்தவன். ஏமாந்தேன், அடி வாங்கினேன், மறுபடி ஏமாந்தேன், அப்பறம் ஏமாறாம இருக்கக் கத்துக்கிட்டேன். இந்தக் கீழ் வீடு, நீங்க குடியிருக்கிற மாடி, எல்லாம் இந்த ஒரு வாய் சம்பாதிச்சது.

எப்படி விழுந்தீங்கன்னு கேக்கறீங்களா? கேக்கலையா? சரி, சொல்றேன். ஊருக்குள்ள ஒரு மாதிரி சொல்லுவாங்க, அதுக்கு முன்னாடி என் வாயால கேட்டுக்கங்க.

ஒரு செவலைக் காளை. பாலக்காட்டுக்காரர் ஒருத்தர் சுத்திச் சுத்திப் பார்த்துட்டு யோசிக்கறார், முரடா இருக்குமோன்னு. "ஏனுங்க, பால்குடி மறக்காத பிள்ளை இதைக் கயித்தைப் பிடிச்சு ஓட்டிட்டுப் போகும்"ன்னேன். வாயால சொன்னாப் போதாது, நம்பிக்கை வரணும். நானே பின்னாடி போய்த் தொடையில ஒரு தட்டு தட்டினேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அடுத்துப் பார்த்தா தண்ணித் தொட்டிக்கு அந்தப் பக்கம் கிடக்கறேன். காளை மேல தப்பில்லீங்க. பின்னாடி ஒரு லாரிக்காரன் ஹார்ன் அடிச்சுட்டான். லாரியே அங்க இல்லைன்னு சில பேர் சொல்றாங்க. சொல்லிட்டுப் போகட்டும். எனக்குக் கேட்டுது.

என் காலைப் பார்க்கறேன், அது என் கால் மாதிரியே இல்லை. பாதம் வெளிப்பக்கமாத் திரும்பிக் கிடக்குது, யாரோ கழட்டி வச்ச மாதிரி. பாலக்காட்டுக்காரர் பதறிப்போய்க் குனிஞ்சார். குனிஞ்ச மனுசன் கையை நான் விடலை. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள வியாபாரத்தை முடிச்சேன்.

அதே காளையையான்னு கேக்கறீங்க. அவருக்கென்ன பைத்தியமா? பக்கத்துல கட்டியிருந்த ஜோடியை.

ஆஸ்பத்திரியில படம் எடுத்துப் பார்த்தா, தொடை எலும்பு இடுப்போட சேர்ற இடத்துல ரெண்டாப் போயிருக்கு. கம்பி வச்சுத் திருகாணி முடுக்கணும்னாங்க. முதுகுல ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ மரத்துப்போக வச்சுட்டு, என் மூஞ்சிக்கு முன்னாடி ஒரு பச்சைத் துணியைக் கட்டிட்டாங்க. துணிக்கு அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம். என் எலும்புலதான் அடிக்கறாங்க. ஒவ்வொரு அடிக்கும் என் தலை மேசையில ஆடுது. வலி மட்டும் இல்லை. மாட்டைக் கயிறு கட்டிச் சாய்ச்சு லாடம் அடிக்கறதைப் பார்த்திருக்கீங்களா? கண்ணை மட்டும் உருட்டும். எத்தனை மாட்டை அமுக்கிப் பிடிச்சிருக்கேன், எதைப் பார்த்து உருட்டுதுன்னு ஒரு நாளும் யோசிச்சதில்லை. எதையும் பார்க்கறதில்லீங்க. அடுத்த அடிக்குக் காத்திருக்குது.

மரமரப்பு விட்டதும் வந்துது பாருங்க வலி. அதுல நான் பொய் சொல்ல மாட்டேன். பழுக்கக் காய்ச்சின கடப்பாரையை இடுப்புல செருகி, அதைப் பிடிச்சுக்கிட்டு யாரோ செக்கு சுத்தற மாதிரி. அழுதேன். அம்மாளைக் கூப்பிட்டேன். எங்கம்மா செத்தப்பக் கூட நான் அப்படிக் கூப்பிட்டதில்லை.

அப்பத்தான் அந்த நர்ஸ் பொண்ணு வந்துது. ஜெசிந்தான்னு பேரு. கையில ஒரு அட்டை, அதுல சிரிக்கிற மூஞ்சியில இருந்து அழுகிற மூஞ்சி வரைக்கும் வரிசையா வரைஞ்சிருக்குது. "ஐயா, வலி எவ்வளவு இருக்குன்னு பூஜ்யத்துல இருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க"ன்னுது.

தம்பி, யார்கிட்ட வந்து நம்பர் கேக்கறாங்க பாருங்க.

"பத்தென்னம்மா, பன்னெண்டு"ன்னேன். எடுத்த எடுப்புல ஒசத்திச் சொல்லணும். அவங்க கீழ இழுப்பாங்க, நாம முனகுவோம், நடுவுல எங்கயோ வந்து நிக்கும். ஆனா அந்தப் பொண்ணு இழுக்கவே இல்லை. பேசாம எழுதிக்கிட்டுப் போய் ஊசியோட வந்துடுச்சு. எனக்கு வலியை விட அதுதான் பெரிய அதிர்ச்சி. சொன்ன விலையை மறுபேச்சில்லாம ஒத்துக்கற ஒரு இடம் இந்த உலகத்துல இருக்குதுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

அந்த ஊசி இருக்குதே. போட்ட கையில இருந்து வெதுவெதுன்னு ஏறி, உடம்பு முழுக்க யாரோ ஒரு ஜமுக்காளத்தை இழுத்துப் போத்தி விட்ட மாதிரி. வலி போகாதுங்க. வலி அங்கயேதான் இருக்கும், பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி. சத்தம் கேக்கும், நமக்கென்ன வந்துதுன்னு இருக்கும். நானெல்லாம் பிறந்ததுல இருந்து நமக்கென்னன்னு ஒரு நிமிசம் இருந்தவன் இல்லை.

கொஞ்சம் கவனிச்சதுல ரேட்டு புரிஞ்சு போச்சு. மூணு, நாலுன்னா காய்ச்சலுக்குத் தர்ற மாத்திரை. அஞ்சு, ஆறுன்னா யோசிப்பாங்க. ஏழுக்கு மேல போனா ஊசி. அதுக்கப்பறம் நான் எட்டுக்குக் கீழ வந்ததே இல்லை. ஒரு தடவை கூட நஷ்டத்துக்கு விக்கலை.

காலையில பெரிய டாக்டர் வருவார். அவருக்கு வேற விலை. வீட்டுக்கு அனுப்பறது அவர்தானே. எனக்கோ சந்தை போகுது. "வலி எப்படி நாச்சிமுத்து?"ம்பார். "ஒண்ணுமில்லீங்க சார், ஒண்ணோ ரெண்டோ இருக்கும்"பேன். ஒரே மாட்டுக்கு ரெண்டு பேர்கிட்ட ரெண்டு விலை சொல்றதுல தப்பே இல்லை, அந்த ரெண்டு பேரும் சந்திக்காத வரைக்கும். அங்க என்னடான்னா கட்டில் கால்மாட்டுல ஒரு அட்டை தொங்குது, ரெண்டு பேரும் அதுலயேதான் எழுதறாங்க. ஒரு நாள் டாக்டர் அதைக் கையில எடுத்துப் பார்த்தார். "காலையில ரெண்டு. ஒரு மணி நேரம் கழிச்சு ஒன்பது. சாயங்காலம் பத்து. மறுபடி காலையில ஒண்ணு. என்னய்யா இது, வலியா, தக்காளி விலையா?"ன்னார். ஜெசிந்தா அந்தப் பக்கம் திரும்பிச் சிரிச்சுது.

"நிஜமா எவ்வளவுய்யா வலிக்குது?"ன்னார்.

"நீங்க எவ்வளவுன்னு பார்க்கறீங்க சார்?"ன்னேன்.

சிரிக்காதீங்க. வாய் பழகிப்போச்சு. பூவாத்தா அப்ப பக்கத்துலதான் நின்னா. டாக்டர் வெளிய போனதும் பின்னாடியே போனா. ரெண்டு பேரும் நடையில நின்னு ரொம்ப நேரம் பேசிக்கிட்டாங்க. என் உடம்பைப் பத்தி, என்னை வச்சுக்காம. அன்னைக்கு ஆரம்பிச்சது இவங்க கூட்டு.

மன்னிச்சுக்கங்க. கொட்டாவி. தூக்கம் இல்லைங்க, இது வேற. மூக்குலயும் தண்ணியா ஒழுகுது, சளி பிடிச்சிருக்கும். கை பாருங்க, இந்த வெயில்ல மயிர் குத்திட்டு நிக்குது. என்ன சொன்னீங்க? வலி மாத்திரையைக் குறைக்கும்போது அப்படித்தான் இருக்குமா? டாக்டரும் அதையேதான் சொன்னார். நீங்களும் அந்தக் கட்சியா?

இல்லை, இல்லை, கோவமில்லை. உட்காருங்க. என் குரலே இப்படித்தான்.

வீட்டுக்கு வரும்போது ஊசிக்குப் பதிலா மாத்திரை. வெள்ளையா, சின்னதா இருக்குமே, உங்களுக்குத் தெரியாததா. முதல்ல காலையிலயும் ராத்திரியும் முழுசா. ஜமுக்காளம் அளவுக்கு இல்லைன்னாலும் ஒரு துப்பட்டி அளவுக்கு வந்துது. வயித்தைத்தான் கட்டிப் போட்டுடுச்சு. அந்த ஓட்டைச் சேர்ல போய் உட்கார்ந்தா உட்கார்ந்ததுதான். சந்தையில எத்தனையோ மாட்டுக்கு விளக்கெண்ணெய் புகட்டியிருக்கேன், எனக்கு இவ புகட்டறா, அதே மாதிரி தாடையைப் பிடிச்சு. உடம்பெல்லாம் அரிப்பு. பேசிக்கிட்டு இருக்கும்போதே தூங்கிடுவேன், முழிச்சா எதிர்ல ஆள் இருக்க மாட்டாங்க. இருக்கட்டும். அந்த விலைக்கு அது கட்டும்னுதான் நான் நினைச்சேன்.

பகல் பூரா இந்தக் கட்டில். அந்த ஜன்னல். அதுக்கு வெளிய உடுமலை ரோடு. அப்பறம் அதோ அந்த நடக்கற கம்பி. ஆயுசு பூரா நாலு காலை வித்தவன் நான், இப்ப எனக்கே நாலு கால். அதைப் பிடிச்சுக்கிட்டு வாசல் வரைக்கும் போகணும், திரும்பி வரணும். கட்டுத்தறியைச் சுத்தற மாடு கூட ஒரு வட்டமாவது சுத்தும். எனக்கு நேர் கோடுதான்.

இதுல பூவாத்தா என்ன பண்ணினா தெரியுங்களா. மாத்திரையை எங்கயோ ஒளிச்சு வச்சுட்டா. காலை மாத்திரையை நிறுத்தினா. அப்பறம் ராத்திரி மாத்திரையைப் பாதி ஆக்கினா. பாக்குவெட்டியை எடுத்து வந்து, என் கண்ணு முன்னாடி, தட்டுல வச்சு நறுக்குன்னு வெட்டறா, பாதியை எனக்குக் குடுத்துட்டு பாதியைச் சேலைத் தலைப்புல முடிஞ்சுக்கறா. தட்டுல கொஞ்சம் பொடி உதிர்ந்திருக்கும். அவ அடுப்படிக்குப் போனதும் விரலை நாக்குல தொட்டு அந்தப் பொடியை ஒத்தி எடுப்பேன். உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. பொருள் வீணாப் போகக்கூடாது, அதுக்காக.

கேட்டா, "வலி எத்தனைங்க?"ங்கறா. ஆஸ்பத்திரியில கத்துக்கிட்டு வந்துட்டா.

"ஒன்பது"ன்னேன்.

"காலையில வாசல் வரைக்கும் நடந்தீங்களே?"

"நடந்ததாலதான் ஒன்பது."

"அப்ப நடக்காமப் படுத்திருந்தா?"

"படுத்தா விறைச்சுக்கும். அப்பவும் ஒன்பது."

"ரெண்டும் ஒரே விலைன்னா நடந்தே வாங்கிக்கங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா.

பாருங்க தம்பி. சந்தைப் பக்கம் ஒரு நாள் எட்டிப் பார்த்தவளில்லை. யார்கிட்ட பேச்சுக் கத்துக்கிட்டாளோ தெரியலை.

நான் சும்மா இருந்தேனா? எவர்சில்வர் டம்ளரைத் தூக்கி அடிச்சேன். அந்தா, சுவத்துல காரை பேர்ந்திருக்குதே, அதுதான். மறுநாள்ல இருந்து ப்ளாஸ்டிக் டம்ளர்லதான் தண்ணி வருது. அந்த அளவுக்குப் பயந்து கிடக்கறா.

ஆட்டோ ஓட்டற பையன்கிட்ட டாக்டர் சீட்டைக் குடுத்து அனுப்பிப் பார்த்தேன். "இதுல ஏற்கனவே வாங்கினதுக்கு முத்திரை குத்தியிருக்கு, புதுச் சீட்டு வேணும்"னு திருப்பி அனுப்பிட்டாங்க. உங்க கடைதானான்னு தெரியலை. உங்க கடையா? பரவாயில்லை, அப்ப நீங்க வேலைக்குச் சேர்ந்திருக்க மாட்டீங்க. டாக்டருக்குப் போன் போட்டேன். எடுத்த உடனே, "அம்மாகிட்டக் குடுங்க"ங்கறார். என் போன், என் கால், என் வலி. அம்மாகிட்டக் குடுங்களாம்.

சரி, நேரா விசயத்துக்கு வர்றேன். பூவாத்தா மில்லுக்குப் போயிருக்கா, கம்பு திரிக்க. இன்னைக்கு அங்க கூட்டமா இருக்கும். நீங்க எனக்கு அந்த மாத்திரை ஒரு அட்டை வாங்கியாந்து குடுங்க. இலவசமாக் கேக்கலை. மாடிக்குத் தண்ணி காலையில ஒரு தடவைதானே விடறா? மோட்டாரை நீங்க நினைச்ச நேரத்துக்குப் போட்டுக்கலாம். வண்டியைக் கேட்டுக்கு உள்ள நிறுத்திக்கலாம். மொட்டை மாடியில அவ வடாம் காயப்போடற பக்கம் பூரா உங்களுக்கு.

பேச மாட்டேங்கறீங்க. நல்லாக் கத்து வச்சிருக்கீங்க. பேசாம இருக்கறவன்கிட்டதான் எதிராளி தானா இறங்கி வருவான்.

சரி, அட்டை வேண்டாம். பாதி அட்டை.

இருங்க. கொஞ்சம் பேசாம இருங்க. லாரி போகுது.

போயிடுச்சு. எருமை லாரி, ஈரோட்டுப் பக்கத்துல இருந்து வர்றது. நடுவுல ஒண்ணு நிக்க முடியாமச் சரிஞ்சுது, குளம்பு பலகையில தேஞ்ச சத்தம் கேட்டுது பாருங்க. இன்னைக்கு வியாழக்கிழமை இல்லீங்களா, சந்தை நாள். விடியறதுக்கு முன்னாடி பிடிச்சு இதே சத்தம்தான். எனக்கு அதைப் பத்தி ஒண்ணுமில்லை. சந்தை எங்க ஓடிப்போகுது. நான் இல்லாம அவனுக திண்டாடிக்கிட்டு இருப்பானுக.

திருமூர்த்தின்னு ஒருத்தன், அவனும் தரகன்தான். அன்னைக்குப் பார்க்க வந்தான், ரொட்டியும் ஆப்பிளும் தூக்கிக்கிட்டு. அந்தச் சேர்லதான் உட்கார்ந்தான். "நீங்க நிதானமா எந்திரிச்சு வாங்க மாமா. பாலக்காட்டுக்காரங்களையெல்லாம் நான் பார்த்துக்கறேன்"ங்கறான். பார்த்துக்கறேன்னா என்ன அர்த்தம் தம்பி? நீங்க சொல்லுங்க, என்ன அர்த்தம்? முன்னெல்லாம் வியாழக்கிழமை என் போன் சூடாயிடும், காதுல வைக்க முடியாது. இப்ப சார்ஜ் போட்டு மூணாம் நாளும் அப்படியே நிக்குது. புது பேட்டரின்னு நினைக்கறேன்.

வியாழக்கிழமை வலி கூடும். டாக்டர்கிட்டக் கேட்டேன், கிழமைக்கும் எலும்புக்கும் சம்பந்தமில்லைன்னார். அவருக்கென்ன தெரியும்.

போன வியாழக்கிழமையும் இப்படித்தான். காலையிலயே ஆரம்பிச்சுட்டேன். ஒன்பதுங்கறேன், ஒன்பதரைங்கறேன், கத்தறேன். தெருவே கேக்குது. அவ அடுப்பை அணைச்சுட்டு வந்தா. கட்டில் ஓரத்துல உட்கார்ந்தா. நான் டம்ளரைத் தேடறேன், டம்ளர் எட்டலை. என் தோள்ல கிடந்த துண்டை உருவினா. உருவி, என் வலது கை மேல விரிச்சுப் போட்டு, அவ கையைத் துண்டுக்கு அடியில விட்டா.

"இப்ப சொல்லுங்க"ன்னா.

உங்களுக்கு இது புரியாது, நீங்க கிழக்குச் சீமைக்காரர். எங்க சந்தையில வாயால பேசறது ஊருக்கு. உண்மையான விலை துண்டுக்குள்ள. விக்கறவனும் வாங்கறவனும் துண்டைப் போட்டு மூடிக்கிட்டு விரலைப் பிடிச்சுத்தான் சொல்லிக்குவோம். ரெண்டு விரலைப் பிடிச்சா ரெண்டு. கையை முழுசாப் பிடிச்சா அஞ்சு. சுத்தி நிக்கறவனுக்கு எதுவும் தெரியாது. வாயால நான் என்ன வேணா சொல்லுவேன், காளை கீதை படிக்கும்னு கூடச் சொல்லுவேன். ஆனா துண்டுக்குள்ள பிடிச்ச விரலுக்கு மாத்துப் பேச்சு கிடையாது. அங்க பொய் சொன்னவன் அதுக்கப்பறம் சந்தைக்குள்ள துண்டு போட முடியாது. கையே குடுக்க மாட்டாங்க. இத்தனை வருசத்துல ஒரு தடவை கூட நான் துண்டுக்குள்ள மாத்திப் பேசினதில்லை. திருமூர்த்தியைக் கேட்டாலும் இதை ஒத்துக்குவான்.

இது அவளுக்கு எப்படித் தெரியும்? நான்தான் சோறு திங்கும்போது பெருமை பேசியிருப்பேன். பேசினா இவ கேக்கறாளான்னே எனக்குத் தெரியாது, ரசம் ஊத்திக்கிட்டு இருப்பா.

கை உள்ள இருக்குது. சந்தையில எத்தனை கை பிடிச்சிருக்கேன் தம்பி. கண்ணைக் கட்டி விடுங்க, யாரு கைன்னு பேர் சொல்லுவேன். இது யாரு கைன்னே எனக்குத் தெரியலை. கட்டை விரல் ஓரம் காய்ப்புக் காய்ச்சிருக்குது. ஒரு விரல் நுனி வளைஞ்சு நேராகாம இருக்குது, எப்ப வளைஞ்சுதுன்னு எனக்குத் தெரியாது. கேக்கறதுக்கு அது நேரமில்லை.

ஒன்பதுன்னா முதல்ல கையை முழுசாப் பிடிச்சு விடணும், அப்பறம் நாலு விரல். அப்படித்தான் பிடிக்கப் போனேன். சத்தியமா அப்படித்தான். என் கை ரெண்டு விரலைப் பிடிச்சுது. பிடிச்சுட்டு நின்னு போச்சு.

வழுக்கிடுச்சுங்க. அவ கையில எண்ணெய் இருந்திருக்கும்.

அவ துண்டை எடுத்து உதறி மடிச்சா. மடிச்சுக்கிட்டே கேட்டா. "ரெண்டுதான் வலிக்குதா. அப்ப மீதி ஏழு எங்க வலிக்குது?"

இது நியாயமா? நீங்க சொல்லுங்க. தொழில் நடக்கற இடத்துல போடற துண்டை வீட்டுக்குள்ள கட்டின புருசன் மேல போடறதா? எவனாவது சந்தையில இப்படிப் பண்ணியிருந்தா நான் அவனை உண்டு இல்லைன்னு பண்ணியிருப்பேன். அவகிட்ட என்ன பண்றது, ப்ளாஸ்டிக் டம்ளர்தான் கைக்குக் கிடைச்சுது. அடிச்சேன். அது துள்ளித் துள்ளிக் கட்டிலுக்கு அடியிலயே வந்து நின்னுது. குனிஞ்சு எடுத்துக் கழுவி அதுலயே மோர் ஊத்திக் குடுத்தா.

அன்னைக்கு ராத்திரி பாதி மாத்திரையும் இல்லை. அதுல பாதி. பாக்குவெட்டியில கால் மாத்திரை வெட்டறது சாதாரணம் இல்லீங்க, நல்லாப் பழகிட்டா.

அதுல இருந்து அவ என்னை எத்தனைன்னு கேக்கறதில்லை. அதுதான் தாங்கலை. கேட்டாலாவது ஒரு விலை சொல்லலாம். இப்ப நான் ஒன்பதுன்னு கத்தினா, "சரிங்க"ங்கறா. சரிங்கன்னு சொன்னா அதுக்கு மேல எங்க போறது? சுவத்துல பேசற மாதிரி இருக்குது. பக்கத்துல கிடக்கற இந்தத் துண்டைப் பார்த்தா எரிச்சலா வருது, எடுத்து அந்தப் பக்கம் போடுங்க.

நீங்களும் அதையேதான் கேக்கப் போறீங்க, மூஞ்சியில தெரியுது. மீதி ஏழு எங்கன்னு. எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் மாத்திரை கேக்கறேன்? இடுப்புல கையை வச்சு அமுக்கிப் பார்த்தேன், அங்க இல்லை. முட்டியில இல்லை. ஒவ்வொரு லாரியும் ரோட்டுல திரும்பும்போது மட்டும் எங்கயோ பக்கத்துல இருக்கற மாதிரி தெரியுது. லாரி போனதும் தெரிய மாட்டேங்குது. மாத்திரை போட்டா லாரி போகும், திரும்பும், எவனோ எவன் மாட்டையோ எவனுக்கோ விப்பான், எனக்கென்ன வந்துதுன்னு கிடப்பேன். அதுக்குத்தான் கேக்கறேன். இது ஒரு குத்தமா?

பாதி அட்டை வேண்டாம். ரெண்டே ரெண்டு. ஜன்னல் வழியாப் போட்டாப் போதும்.

ஒண்ணு.

தம்பி, ஒண்ணே ஒண்ணு. இந்த வாரம் மட்டும், அடுத்த வியாழக்கிழமைக்கு நான் கேட்டா என்னைச் செருப்பால அடிங்க. தண்ணி மோட்டார், வண்டி, எல்லாம் சொன்னது சொன்னபடி. பூவாத்தா கேட்டா நான் பார்த்துக்கறேன்.

தலையை ஆட்டறீங்க. ஏன், உங்க வேலை போயிடுமா? சீட்டு இல்லாமக் குடுத்தா போயிடுமா. அதுவும் சரிதான். ஒரு தொழில்ல இருக்கறவன் அதோட நியாயத்தை மாத்தக்கூடாது. நானே சொல்றேன், குடுக்காதீங்க. குடுத்தீங்கன்னா உங்களை நான் மதிக்க மாட்டேன். ஆனா பாதி இருந்தா... பாதிக்கெல்லாம் யாரும் கணக்குக் கேக்க மாட்டாங்க இல்லீங்களா.

சரி, விடுங்க. கேக்கலை.

எந்திரிக்காதீங்க. எங்க போறீங்க? ரெண்டு மணிக்குத்தானே கடைக்குப் போகணும்? பூவாத்தா சொன்னா. இன்னும் நேரம் கிடக்குது. இதோ, அந்தப் பக்கம் இருந்து இன்னொரு லாரி வருது, கேக்குதா? அது காலி லாரி. சந்தையில இறக்கிட்டுத் திரும்பி வர்றான், சங்கிலி சும்மா ஆடற சத்தம். இனிமேல் வரிசையா வரும். வித்து முடிச்சவங்க, வாங்கி ஏத்தினவங்க, எல்லாரும் இந்த வழிதான். ஒரு மணி நேரம் இருக்கும். அப்பறம் அடங்கிடும். அடங்கினதுக்கப்பறம் எனக்கு ஒண்ணும் வேண்டியதில்லை, நீங்க போகலாம்.

மாத்திரையைப் பத்திப் பேச மாட்டேன். உங்களைப் பத்திச் சொல்லுங்க, எந்த ஊரு, ஒரத்தநாடா? அங்க மாடு எப்படி? இல்லைன்னா எதுவும் பேச வேண்டாம். போனைப் பார்த்துக்கிட்டு இருங்க. சும்மா அந்தச் சேர்ல உட்கார்ந்திருங்க, அவ மில்லுல இருந்து வர்ற வரைக்கும். அட்டையில ஆரம்பிச்சு இங்க வந்து நிக்கறேன், தம்பி. இதுக்குக் கீழ எனக்குக் கட்டாது.